நாமக்கல்லுக்கு ஒரு 'கிராஸ்' வாங்கப் போனோம்!

நாமக்கல்லுக்கு எதுக்குப் போவாங்க? கூரையில்லாம வெயில்ல நிக்கிற 18 அடி ஆஞ்சநேயரைக் கும்பிட, முட்டை லோடு ஏத்த, லாரிக்கு பாடி கட்ட. நானும் என் நண்பனும் போனது ஒரு நாற்காலிக்காக!

சாதாரண நாற்காலி இல்லீங்க. முன்ன பின்ன, இடம் வலம்னு தானா சாயற நாற்காலி. தலையில வி.ஆர். ஹெட்செட், கையில ஸ்டீயரிங், கம்ப்யூட்டர்ல 'யூரோ டிரக் சிமுலேட்டர் 2'. கேம்ல லாரி பிரேக் போட்டா, நிஜமாவே உங்க உடம்பு முன்னால தள்ளணும். மோஷன் சிமுலேட்டர்னு பேரு. ரெடிமேடா வாங்கப் போனா விலை லட்சத்துல பேசுது. எங்க பட்ஜெட் 25,000. அதுல 9,000 சேலத்துல எங்க மொட்டை மாடியிலயே கரைஞ்சு போச்சு.

அந்தக் கதையைக் கேளுங்க. பிளைவுட் பலகை, பழைய கார் சீட், ரெண்டு வைப்பர் மோட்டார், சாயறதுக்கு மூட்டு மாதிரி கதவுக் கீல்! (சிரிக்காதீங்க, அப்போ அது ஜீனியஸ் ஐடியாவாத்தான் தெரிஞ்சுது.) நண்பன் உட்கார்ந்தான். கேம்ல சிக்னல் வந்துச்சு, பிரேக் போட்டான். சீட்டு முன்னால கவுந்துச்சு, திரும்ப எழவே இல்ல. மோட்டாரை ஓட்டுற போர்டுல புகை, பிளைவுட் ரெண்டா பிளந்து, அவன் முழங்கையில மூணு தையல். "இந்தச் சனியனை இனிமே வீட்டுல பார்த்தேன்..."னு அவங்கம்மா சொன்னதை முழுசா இங்கே எழுத முடியாது.

அதோட விட்டிருக்கலாம். ஆனா அவன் விட மாட்டேங்கறான். காரணம் அவங்கப்பா. 24 வருஷம் லாரி ஓட்டினவர். போன வருஷம் முதுகுல டிஸ்க் பிரச்னை. 'இனிமே ஸ்டீயரிங் பக்கமே போகக் கூடாது'ன்னுட்டார் டாக்டர். இப்போ சாயங்காலமானா திண்ணையில உட்கார்ந்து, பைபாஸ்ல போற வண்டிச் சத்தத்தை வெச்சே அது எந்த வண்டி, லோடா காலியான்னு சொல்லிட்டிருக்கார். "ஒரே ஒரு தடவை அப்பாவை ஓட்ட வைக்கணும்டா" - இதான் நண்பனோட பிளான். முதுகு வலிக்காரரை ஆடுற நாற்காலியில உட்கார வைக்கிறதா? எனக்கும் அதே பயம்தான். அந்தக் கேள்வியோடதான் சேலம் புது பஸ் ஸ்டாண்டுல பஸ் ஏறினோம்.

ஐம்பது சொச்சம் கிலோமீட்டர். இடப்பக்கம் ஜருகு மலை, மல்லூர் தாண்டி ராசிபுரம் வந்தா போதமலை, நடுவுல கோழிப்பண்ணைகளோட நீளக் கொட்டகைகள். வேடிக்கை பார்க்க ஆயிரம் இருந்தும், நான் செல்போனை சீட்டுல டேப் போட்டு ஒட்டிட்டு அதையே முறைச்சிட்டு வந்தேன். போன்ல இருக்கிற ஆக்சிலரோமீட்டர் ஒவ்வொரு குலுக்கலையும் பதிவு பண்ணும். பின் சீட்டு ஆன்ட்டி, "என்ன தம்பி, போனுக்கு உடம்பு சரியில்லையா?"ன்னாங்க.

அந்தக் கிராஃப் ஒரு விஷயத்தைப் பளிச்னு காட்டுச்சு. பள்ளம், ஸ்பீடு பிரேக்கர் எல்லாம் ஊசி ஊசியா வந்து போகுது. பிரேக், வேகம், வளைவு மூணும் மலை மாதிரி மெதுவா ஏறி மெதுவா இறங்குது. டிரைவர் போட்ட பிரேக் பெரும்பாலும் 0.2 ஜிக்குள்ளதான். அதாவது புவி ஈர்ப்புல அஞ்சுல ஒரு பங்கு.

இந்த மலைகளைக் காட்ட நாற்காலி ஓட வேண்டியதே இல்ல, சாஞ்சா போதும். 10 டிகிரி முன்னால சாஞ்சா, உங்க எடையில கிட்டத்தட்ட 17 சதவிகிதம் உங்களை முன்னால இழுக்கும். கண்ணுக்கு முன்னாடி ரோடு நேரா ஓடிட்டு இருக்கிறதால, மூளை அதை சாய்வுன்னு நினைக்காது, பிரேக்னு நம்பிடும். ஒரு கண்டிஷன்: மெதுவா சாயணும். நொடிக்கு 2, 3 டிகிரிக்கு மேல போனா காதுக்குள்ள இருக்கிற பேலன்ஸ் உறுப்பு கண்டுபிடிச்சுடும். அப்புறம் கண் ஒண்ணு சொல்லும், காது ஒண்ணு சொல்லும், வயித்துல இருக்கிற இட்லி வெளிய வரும்.

புதுச்சத்திரம் தாண்டும்போது நண்பன் கிராஃபையே பார்த்துட்டு வந்தவன், "ஊசியை எல்லாம் வெட்டிட்டு மலையை மட்டும் வெச்சுக்கலாம்டா"ன்னான். குலுக்கல் கிடையாது, சாய்வு மட்டும். முதுகுக்கும் அதானே வேணும்?

நாமக்கல்ல இறங்கினா, ஊர் நடுவுல ஒத்தைப் பாறையில கோட்டை. அதைத் தாண்டி ரோட்டோரம் பூரா பட்டறைகள். ஒரு காலத்துல கேபினே இல்லாத சேஸிஸ் இங்கே வந்துட்டிருந்துச்சு. தலையில துண்டைக் கட்டிட்டு, காத்துலயும் வெயில்லயும் உட்கார்ந்து ஓட்டிட்டு வந்தாங்க. ஆங்கிள், பலகை, தகரம், வெல்டிங், பெயின்ட்னு ஒவ்வொண்ணா ஏறி அதே வண்டி முழு லாரியா வெளிய போச்சு. 1997-ல தனி மாவட்டம் ஆகறதுக்கு முன்னாடியே லாரித் தொழில்ல பேர் வாங்கின ஊர் இது. அசோக் லேலண்ட் தன்னோட டிரைவர் பயிற்சி நிலையத்தை 1995-ல இங்கே கொண்டு வந்தது சும்மாவா?

எங்களுக்கு வேண்டியது ஜாயின்ட் கிராஸ். இன்ஜின் சுழற்சியைப் பின் சக்கரத்துக்குக் கொண்டு போற ஷாஃப்ட்டுல, எந்தப் பக்கம் வேணும்னாலும் மடங்கற மூட்டு. கதவுக் கீலுக்கு பதிலா அது. பழைய இரும்புக் கடையில ஒரு ஆம்னி வேனோட கிராஸ், ரெண்டு பக்க யோக்கோட 700 ரூபாய். "எந்த வண்டிக்கு?"ன்னு கடைக்காரர் கேட்டார். "நாற்காலிக்கு"ன்னோம். எங்களை ஏற இறங்கப் பார்த்துட்டு ஐம்பது ரூபாய் குறைச்சார்.

அடுத்து வெல்டிங் பட்டறை. அந்த மேஸ்திரி எங்க டிராயிங்கை ரெண்டு நிமிஷம் பார்த்தார், மடிச்சு எங்க கையிலயே கொடுத்துட்டார். சதுரக் குழாயில சட்டம் அடிச்சு, தரையில ஒரு உருளைக் குழாயைப் போட்டு, அதுமேல சட்டத்தை வெச்சார். "ஒக்காரு கண்ணு. காலை பெடல்ல வை. கையை ஸ்டீயரிங் புடிக்கிற மாதிரி வை." நண்பன் உட்கார, சட்டத்தை இம்மி இம்மியா நகர்த்தினார். ஒரு இடத்துல தராசு முள் மாதிரி ரெண்டு பக்கமும் சமமா நின்னுச்சு. சாக்பீஸால கோடு போட்டார். முதுகுச் சாய்மானத்துலருந்து ஒரு ஜாணுக்கு மேல முன்னால!

நாங்க மொட்டை மாடியில கீலை மாட்டினது சாய்மானத்துக்கு நேர் கீழே. சீட்டும் ஆளும் சேர்த்து 100 கிலோன்னு வெச்சுக்கங்க. எடை மையம் 15 சென்டிமீட்டர் தள்ளியிருந்தாலே 147 நியூட்டன் மீட்டர் திருகு விசை, எந்நேரமும். கண்ணாடி துடைக்கப் பிறந்த மோட்டார் பாவம், என்ன பண்ணும்? நாலு செமஸ்டர் மெக்கானிக்ஸ் படிச்சும் இது தோணலையேன்னு எனக்கு வெட்கமாவே இருந்துச்சு.

மேஸ்திரி விடலை. "உங்கப்பா என்ன எடை?" 82 கிலோ. நண்பன் 58. "அப்ப கோடு நகருமுல்ல. உங்கப்பாவைக் கூட்டியாந்திருக்கலாமே!" அதனால சீட்டை முன்ன பின்ன தள்ள கார் சீட் ரெயில் ஒண்ணு சேர்ந்துச்சு. அடுத்த கேள்வி: "ஆள் மேல இருக்கறப்ப கரண்டு போனா?" இதுக்கு மட்டும் எங்ககிட்ட பதில் இருந்துச்சு. வைப்பர் மோட்டாருக்குள்ள இருக்கிறது வார்ம் கியர். மோட்டார் சக்கரத்தைச் சுத்தும், சக்கரம் மோட்டாரை லேசுல சுத்தாது. அதனால கரண்ட் போனா டமார்னு விழாது, நின்ன இடத்துலயே நிக்கும். கைக்கு எட்டற இடத்துல ஒரு சிவப்புக் காளான் பட்டன், 10 டிகிரியைத் தாண்டாம ரெண்டு பக்கமும் ரப்பர் முட்டு. தலையை ஆட்டினார். பாஸ் மார்க்!

அமெரிக்காவுல எட்வின் லிங்க்னு ஒருத்தர். அப்பாவோட ஃபேக்டரியில இசைக்கருவியான ஆர்கன் செஞ்சிட்டிருந்தவர். அந்த ஆர்கனுக்குக் காத்தடிக்கிற துருத்திகளை வெச்சே, 1929-ல சாயற விமானப் பெட்டி ஒண்ணு பண்ணினார். முதல்ல அதைப் பொழுதுபோக்குப் பூங்காக்களுக்குத்தான் வித்தார். 1934-ல தபால் விமானங்களை ஓட்டி விமானிகள் வரிசையா செத்தப்பதான் ராணுவம் அவரைத் தேடி வந்துச்சு. அவருக்கு ஆர்கன் துருத்தி, எங்களுக்கு ஆம்னி கிராஸ்.

அப்புறம் பெரிய விமான சிமுலேட்டர்களுக்கு ஆறு கால் மேடை வந்துச்சு. 1965-ல ஸ்டூவர்ட் எழுதின கட்டுரையால அந்த மேடைக்கே அவர் பேர். எங்களுக்கு ரெண்டு அச்சு போதும்.

பாக்கி இருக்கிற ஒரே தலைவலி ஹெட்செட். நாற்காலி சாஞ்சா, தலைதான் குனியுதுன்னு அது தப்பா நினைச்சு காட்சியை நகர்த்திடும். நாற்காலியிலயும் ஒரு சென்சார் வெச்சு, அந்தச் சாய்வைக் கழிக்கணும். அது என்னோட போர்ஷன், இந்த மாசத்துக்குள்ள முடிக்கணும்.

திரும்பும்போது மஞ்சப் பையில கிராஸ், மடியில சட்டம். சட்டத்துக்கு லக்கேஜ் டிக்கெட் போட்டார் கண்டக்டர். முதல்ல உட்காரப் போறது 80 கிலோ அரிசி மூட்டை. அது ஒரு வாரம் தாங்கினா நாங்க. அதுக்கப்புறம் டிராயிங்கையும் பஸ்ல எடுத்த கிராஃபையும் டாக்டர்கிட்ட காட்டிக் கேட்கறது. அவர் வேண்டாம்னா வேண்டாம். மோட்டாரை ஆஃப் பண்ணிட்டு ஹெட்செட் மட்டும்.

ராசிபுரம் வர்றப்ப நண்பனோட போன் அடிச்சுது. அவங்கப்பா. எல்லாத்தையும் பொறுமையா கேட்டுட்டு, ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்:

"ஹாரன் வெச்சிருக்கீங்களாடா?"

வெக்கலை. லிஸ்ட்ல சேர்த்துட்டோம்.