சும்மா படுத்திரு!

குழந்தைகளைப் பார்த்து, "ஓடாதே, ஆடாதே, சும்மா படுத்திரு!" என்று அதட்டுவது பெரியவர்களாகிய நம்முடைய பிறப்புரிமை. அந்த உரிமையை நாமும் வெகு காலம் தாராளமாகவே செலுத்தி வந்தோம். அதனால் ஒரு முறை நேர இருந்த விபரீதத்தை நேயர்களுக்குச் சொல்லிவிட வேண்டுமென்றே இதை எழுதத் துணிந்தோம்.

நமது பேரனுக்கு அப்போது ஐந்து வயது. ஒரு நாள் காலையில் அவன் எழுந்தபோது கண்ணிமைகள் இரண்டும் உப்பிக் கிடந்தன. கொசுக் கடி என்று நாம் தீர்ப்புச் சொன்னோம். மாலைக்குள் வீக்கம் வடிந்துவிடவே, நமது தீர்ப்பைப் பற்றி நாமே பெருமைப்பட்டுக் கொண்டோம். ஒரு வாரத்திற்குள் கால்கள் வீங்கின, வயிறு பருத்தது, சிறுநீர் சோப்புத் தண்ணீரைப் போல் நுரைத்தது. அப்புறந்தான் டாக்டரிடம் ஓடினோம்.

"நெஃப்ராடிக் ஸிண்ட்ரோம்" என்றார் டாக்டர். நம் பாட்டிமார் குண்டிக்காய் என்று சொன்ன சிறுநீரகத்தில் இரத்தத்தை வடிகட்டும் சல்லடைகள் இருக்கின்றன. அவை பழுதானால் ஆல்புமின் என்னும் புரதம் சிறுநீரில் ஒழுகிப் போய்விடுகிறது. 100 மில்லி இரத்த நீரில் 3.5 கிராமுக்குக் குறையாமல் இருக்க வேண்டிய ஆல்புமின், நம் பையனுக்கு 1.4 கிராம்தான் இருந்தது. பிரெட்னிஸலோன் மாத்திரை கொடுத்தார்கள். இந்த நோய் கண்ட குழந்தைகளில் பெரும்பாலோர் நான்கு வாரங்களுக்குள் அந்த மருந்துக்குக் கட்டுப்பட்டு விடுகிறார்கள். நம் பையனும் தேறினான். ஆனால் இது போன பிறகும் திரும்பி வரும் வியாதி. ஏழு மாதம் கழித்து மீண்டும் வந்தது.

இம்முறை நாம் அநுபவசாலிகள் அல்லவா? "உப்பைக் குறையுங்கள்" என்று டாக்டர் முன்பு சொல்லியிருந்தார். நாம் தண்ணீரையும் சேர்த்துக் குறைத்தோம். உடம்பு முழுவதும் நீர் கோத்திருக்கும் குழந்தைக்கு மேலும் தண்ணீர் எதற்கு என்பது நமது தர்க்கம். போன தடவை மிச்சமிருந்த நீர் பிரியும் மாத்திரை அலமாரியில் இருந்தது. யாரையும் கேளாமல் அதையும் கொடுத்தோம். இரண்டு நாள் வாந்தியும் பேதியுமாகக் கிடந்தவனைக் கட்டிலை விட்டு இறங்க விடவில்லை. அவன் எழுந்திருக்கும்போதெல்லாம், "சும்மா படுத்திரு!" என்று சொன்னவர் வேறு யாருமல்ல, நாமேதான்.

மூன்றாம் நாள் இரவு, "தாத்தா, கால் வலிக்கிறது" என்று அழுதான். விளக்கைப் போட்டுப் பார்த்தோம். இரு கால்களும் வீங்கியிருந்தால் பழைய கதை என்று இருந்திருப்போம். இடது கால் மட்டும் வலது காலைவிடப் பருத்து, தொட்டால் சுட்டது. அவன் பாட்டி, "இது வேறு ஏதோ, உடனே கிளம்புங்கள்" என்றாள். அவள் பேச்சைக் கேட்டதுதான் அந்த வாரத்தில் நாம் செய்த ஒரே புத்திசாலித்தனமான காரியம்.

தொடையின் பெரிய இரத்தக் குழாயில் இரத்தம் உறைந்து கட்டியாகியிருந்தது. அந்தக் கட்டி பிய்த்துக்கொண்டு நுரையீரலுக்குப் போயிருந்தால் உயிருக்கே ஆபத்து.

நாம் செய்ததையெல்லாம் ஒளிக்காமல் டாக்டரிடம் சொன்னோம். அவர் கோபிக்கவில்லை, விளக்கினார். வயல்களில் வெள்ளம் நிற்க, வாய்க்கால் வறண்டு கிடப்பது போன்றது இந்த நிலை. வீக்கத்தில் இருக்கும் நீர் இரத்தக் குழாய்க்கு வெளியே நிற்கிறது. உள்ளே இரத்தமோ கெட்டிப்பட்டுப் போகிறது. இரத்தம் உறையாமல் காக்கும் ஆன்டித்ராம்பின் என்ற சிறு புரதமும் ஆல்புமினோடு ஒழுகிவிடுகிறது. உறையச் செய்யும் ஃபைப்ரினோஜன் பெரியதாகையால் தங்கிவிடுகிறது; கல்லீரல் அதை இன்னும் அதிகமாக உற்பத்தி செய்கிறது. காவற்காரன் வெளியேறிவிட, கலகக்காரன் பெருகிவிட்டான்! இந்த நிலையில் வாந்திபேதி, நீர் பிரியும் மாத்திரை, அசையாத படுக்கை ஆகிய மூன்றையும் நாம் கூட்டி வைத்தோம்.

பிறகு தோலுக்கடியில் தினம் இரு வேளை ஹெப்பாரின் வகை ஊசி. 1916-ஆம் ஆண்டில் ஜே மெக்லீன் என்ற அமெரிக்க வைத்திய மாணவர் கண்டறிந்ததிலிருந்து வளர்ந்த மருந்து அது. அம்மருந்து ஆன்டித்ராம்பின் மூலமாகவே வேலை செய்வதால், இந்தக் குழந்தைகள் சிலருக்கு வழக்கமான அளவு போதுவதில்லை. இரத்தத்தைப் பரிசோதித்து அளவைத் திருத்துகிறார்கள். மூன்று மாதத்திற்கு மேல் ஊசி போட்டார்கள். ஒவ்வொரு ஊசிக்கும் பையன் நம்மைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை.

"இதை முதலிலேயே எல்லாக் குழந்தைகளுக்கும் போட்டுவிட்டால் என்ன?" என்று கேட்டோம். இந்நோயுள்ள நூறு குழந்தைகளில் ஏறக்குறைய மூவருக்கே இரத்தம் கட்டுகிறது. மருந்தோ இரத்தப் போக்கை உண்டாக்கக் கூடியது. ஆகையால் முன்பே ஒரு முறை கட்டியவர்கள், ஆல்புமின் மிகவும் குறைந்து வேறு ஆபத்துக்களும் சேர்ந்தவர்கள் முதலியோருக்கே யோசித்துக் கொடுக்கிறார்கள். மற்றவர்களுக்குத் தடுப்பு முறை காசில்லாதது.

குழந்தை நடமாட வேண்டும். டாக்டர் கட்டுப்படுத்தினாலொழியத் தாகத்திற்குத் தண்ணீர் மறுக்கக் கூடாது. நீர் பிரியும் மாத்திரையைத் தாமாகத் தொடக் கூடாது. வாந்தியோ பேதியோ ஜுரமோ கண்டால் அன்றைக்கே வைத்தியரிடம் போக வேண்டும். பிரெட்னிஸலோனை ஒரு வேளையும் தவற விடாமலும், தாமாக நிறுத்தாமலும் கொடுக்க வேண்டும். காலையில் சிறுநீரைப் பரிசோதனைப் பட்டையால் பார்த்து நோட்டுப் புத்தகத்தில் குறித்து வந்தால், வீக்கம் தோன்றுவதற்கு முன்பே நோய் திரும்புவது தெரிந்துவிடும். ஒரு கால் மட்டும் வீங்குதல், மூச்சுத் திணறல், விலாப்புற வலியுடன் சிறுநீரில் இரத்தம், கடுமையான தலைவலியுடன் வாந்தி, வலிப்பு - இவற்றில் ஒன்று கண்டாலும் விடியட்டும் என்று காத்திருக்கலாகாது.

இப்போது பையனுக்கு ஒன்பது வயது. நோய் இன்னும் இரண்டு முறை எட்டிப் பார்த்தது. நோட்டுப் புத்தகம் இரு முறையும் முன்னதாகவே காட்டிக் கொடுத்தது. மாடியில் அவன் தடதடவென்று ஓடும்போது கீழ் வீட்டார் நம்மிடம் புகார் செய்கிறார்கள். அவர்களிடம் பணிவாக மன்னிப்புக் கேட்டுக் கொள்கிறோம். பையனிடம் மட்டும் ஒன்றும் சொல்வதில்லை.