பாடகியைப் பார்த்தேன், பியானோவைக் கேட்கவில்லை

டயானா க்ராலைப் பற்றிப் பல வருடங்களாக நான் சொல்லிவந்தது அத்தனையும் தவறு. ஒருவருடைய இசையைக் கேட்டுவிட்டு, பிடிக்கவில்லை என்று சொல்ல யாருக்கும் உரிமை உண்டு. நானோ ஒழுங்காகக் கேட்காமலே தீர்ப்புச் சொன்னேன். பேச்சில் சொன்னதோடு நிற்காமல், ஒரு சிற்றிதழில் கட்டுரையாகவும் எழுதினேன். அதை நம்பியவர்கள் இருந்தார்கள். அவர்களில் ஒருத்தி என் வீட்டுப் பெண். அதனால்தான் இதை எழுதியாக வேண்டியிருக்கிறது.

க்ரால் கனடாக்காரர். பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் நனைமோ என்ற ஊரில் 1964இல் பிறந்தவர். பியானோ வாசித்துக்கொண்டே பாடுகிறவர். 2001ஆம் ஆண்டின் இறுதியில் பாரிஸ் நகரின் ஒலிம்பியா அரங்கில் அவர் நடத்திய கச்சேரிகள் 2002இல் 'லைவ் இன் பாரிஸ்' என்ற ஆல்பமாக வெளிவந்தன. அவருடைய முதல் நேரடிக் கச்சேரிப் பதிவு அது. அதிலுள்ள பாடல்களில் பெரும்பாலானவை ஜாஸ் உலகம் 'ஸ்டாண்டர்ட்' என்று சொல்கிற பழைய பாடல்கள். அவற்றில் சில 1920களிலும் 30களிலும் பிராட்வே நாடகங்களுக்கும் ஹாலிவுட் படங்களுக்கும் எழுதப்பட்டு, அதன் பிறகு ஒவ்வொரு தலைமுறை ஜாஸ் கலைஞரும் கையில் எடுத்துப் பழகியவை. 2003இல் அந்த ஆல்பத்துக்குச் சிறந்த ஜாஸ் குரலிசைக்கான கிராமி விருது கிடைத்தது.

விருது கிடைத்ததையே நான் ஒரு குறையாக எடுத்துக்கொண்டேன். நன்றாக விற்கிற ஜாஸ் நல்ல ஜாஸாக இருக்க முடியாது என்பது என் கட்சி. ஜாஸ் மேதைகளான கோல்ட்ரேனையும் தெலோனியஸ் மங்க்கையும் கேட்டு வளர்ந்தவன் என்ற பெருமை எனக்கு இருந்தது. 'நட்சத்திர ஓட்டல் வரவேற்பறையில் ஓடவேண்டிய இசை' என்று அந்தக் கட்டுரையில் எழுதினேன். பாடல்கள் பழையவை, புதிதாக ஒன்றும் இல்லை என்று எழுதினேன். ஆல்பத்தின் அட்டைப் படத்தைப் பற்றி ஒரு முழுப் பத்தி எழுதினேன். பியானோவைப் பற்றி ஒரு வாக்கியம்கூட எழுதவில்லை. ஒரு பியானோக் கலைஞரின் ஆல்பத்தைப் பற்றிய கட்டுரை அது.

பாடல்கள் பழையவை என்ற குற்றச்சாட்டை இன்று நினைத்தால் கூசுகிறது. காம்போதியில் ஒரே கீர்த்தனையை வெவ்வேறு வித்வான்கள் பாடக் கேட்டு, சங்கதிக்குச் சங்கதி ஒப்பிட்டு மகிழ்கிறவன் நான். இதைத்தான் போன தலைமுறையும் பாடியதே என்று எந்த வித்வானையும் கேட்டதில்லை. பாட்டு தெரிந்ததாக இருப்பதால்தான் பாடுகிறவரின் கற்பனை பளிச்சென்று தெரிகிறது என்பது கச்சேரிக்குப் போகிற எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்திருந்தும் அந்த நியாயத்தை க்ராலுக்கு வழங்க மறுத்தேன்.

'ஐவ் காட் யூ அண்டர் மை ஸ்கின்' பாடலை எடுத்துக்கொள்ளுங்கள். கோல் போர்ட்டர் 1936இல் 'பார்ன் டு டான்ஸ்' என்ற படத்துக்காக எழுதியது. 1956இல் நெல்சன் ரிடில் அமைத்த இசையோடு ஃப்ராங்க் சினாட்ரா அதைப் பாடினார். டிராம்போன்கள் படிப்படியாக ஏறி வெடிக்கும் அந்தப் பதிவுதான் பலருக்கும் அந்தப் பாட்டு. க்ரால் அதே பாட்டை பிரேசிலின் போசா நோவா இசையின் மெல்லிய தாளத்தில் இறக்கி, வேகத்தை நன்றாகக் குறைத்துவிடுகிறார். சினாட்ராவின் குரலில் காதலில் விழுந்தவனின் உற்சாகம் கேட்கும். க்ராலின் குரலில், இதிலிருந்து இனி மீள வழியில்லை என்று தெரிந்துகொண்டவளின் நிதானம் கேட்கிறது. சொற்கள் அவையே, மெட்டும் அதுவே. பொருள் முழுக்க வேறு. புதிதாக ஒன்றும் இல்லை என்று எழுதிய நான் இதைக் கவனிக்கவே இல்லை.

'ஈஸ்ட் ஆஃப் தி சன்' பாடலும் அந்த ஆல்பத்தில் உண்டு. பிரின்ஸ்டன் பல்கலைக்கழக மாணவரான புரூக்ஸ் போமன் 1934இல் மாணவர் நாடகக் குழு ஒன்றுக்காக எழுதியது. அவர் 1937இல் கார் விபத்தில் இறந்துபோனார். இருபதுகளின் தொடக்கத்தில் இறந்துவிட்ட ஓர் இளைஞரின் பாட்டு, ஏறத்தாழ எழுபது வருடம் கழித்து பாரிஸில் ஓர் அரங்கத்தைக் கட்டிப்போடுகிறது. அப்படிப்பட்ட பாட்டைப் பழசு என்று தள்ளியிருக்கிறேன்.

அட்டைப் படத்தைப் பற்றி எழுதிய பத்திக்கு வருகிறேன். என் தவறுகளில் இதுவே பெரியது. அழகான பெண், அவளை முன்னிறுத்தி நிறுவனம் விற்கிறது, ஆகவே இசை இரண்டாம் பட்சம். இவ்வளவுதான் என் வாதம். அதே காலத்தில் என் மேசைக்கு எதிரே சேட் பேக்கரின் படம் ஒன்றை மாட்டியிருந்தேன். 1950களில் வில்லியம் கிளாக்ஸ்டன் எடுத்த படங்களில் ஒன்று. சினிமா நடிகரைப் போன்ற முகம். அவரும் ட்ரம்பெட் வாசித்துக்கொண்டு பாடியவர்தான், அவருடைய முகமும் இசைத்தட்டை விற்றதுதான். அந்தப் படத்தைக் கலை என்றேன். க்ராலின் படத்தை வியாபாரம் என்றேன். ஆணுக்கு ஓர் அளவுகோலும் பெண்ணுக்கு வேறோர் அளவுகோலும் வைத்திருந்தேன். இதைச் சுற்றிவளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை.

அந்த அளவுகோலுக்குப் பலியானவர் க்ரால் ஒருவர் மட்டும் இல்லை. சாரா வான் 1943இல் ஏர்ல் ஹைன்ஸின் வாத்தியக் குழுவில் சேர்ந்தபோது பாடகியாக மட்டும் போகவில்லை, இரண்டாவது பியானோ வாசிக்கவும்தான் போனார். நீனா சிமோன் மேற்கத்திய செவ்வியல் பியானோக் கலைஞராக வர ஆசைப்பட்டவர். 1954இல் அட்லாண்டிக் சிட்டியின் ஒரு மதுக்கூடத்தில் வாசிக்கப் போனார். பாடினால்தான் வேலை என்று உரிமையாளர் சொன்னதால் பாடத் தொடங்கினார். பிழைப்புக்காகப் பாடு என்கிறார்கள். பாடிப் புகழ் வந்ததும், பாடகிதானே என்று விரல்களை மறந்துவிடுகிறார்கள். இந்தக் கதைகளையெல்லாம் படித்திருக்கிறேன், மேடையில் உருக்கமாகச் சொல்லியும் இருக்கிறேன். அதே காரியத்தை க்ராலுக்குச் செய்தபோது எனக்கு உறைக்கவில்லை.

இனி என் அக்கா மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். பியானோ கிரேடு தேர்வுகள் எழுதிக்கொண்டிருந்தாள். நல்ல சாரீரம். 'லைவ் இன் பாரிஸ்' சிடியை யாரிடமோ வாங்கித் திரும்பத் திரும்பக் கேட்டு, அதிலிருந்த 'லெட்ஸ் ஃபால் இன் லவ்' பாட்டைத் தானே வாசித்துப் பாடப் பழகியிருந்தாள். 1933இல் ஹெரால்ட் ஆர்லன் மெட்டமைத்த பாட்டு. ஒருநாள் நான் வீட்டுக்குப் போனபோது வாசித்துக் காட்டினாள். பாட்டு முடியும்வரைகூட நான் பொறுக்கவில்லை. "பாடணும்னா பாடு, வாசிக்கணும்னா வாசி. ரெண்டையும் சேர்த்தா ரெண்டுமே அரைகுறையாத்தான் நிக்கும்" என்றேன். "சரி மாமா" என்று மூடியைச் சாத்தினாள். அதற்குப் பிறகு என் எதிரில் அவள் வாசித்ததில்லை. தேர்வுக்குரிய பாடங்களோடு நிறுத்திக்கொண்டு, கல்லூரிக்குப் போனதும் அதையும் விட்டுவிட்டாள்.

என் எண்ணம் தானாகத் திருந்தவில்லை. ஜிம்மி ரவுல்ஸைப் பற்றிக் கட்டுரை எழுத உட்கார்ந்தேன். பில்லி ஹாலிடே, பெக்கி லீ, எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட் போன்றவர்களுக்குப் பக்கவாத்தியமாகப் பியானோ வாசித்த மேதை. பாடகர் விட்ட இடைவெளியில் எதை வாசிக்க வேண்டும், எதை வாசிக்காமல் விட வேண்டும் என்று அவரளவுக்குத் தெரிந்தவர்கள் குறைவு. லாஸ் ஏஞ்சலஸில் அவரிடம் பாடம் கேட்டு, அவர் தந்த ஊக்கத்தில் தீவிரமாகப் பாடத் தொடங்கியவர் டயானா க்ரால் என்பது அப்போதுதான் என் கண்ணில் பட்டது. குருவிடமிருந்து சிஷ்யை ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை என்று எழுதும் எண்ணத்தோடுதான் 'லைவ் இன் பாரிஸ்' ஆல்பத்தைப் போட்டேன். குறை கண்டுபிடிக்க வேண்டும் என்பதற்காக, முதல் முறையாகப் பியானோவை உற்றுக் கேட்டேன்.

'எ கேஸ் ஆஃப் யூ' என்னை உட்காரவைத்தது. ஜோனி மிட்செல் 1971இல் 'ப்ளூ' ஆல்பத்தில் பாடியது. மிட்செலும் கனடாக்காரர். க்ரால் இதைத் தனியாக வாசித்துப் பாடுகிறார். பின்னால் இசைக்குழு கிடையாது, டிரம்ஸ் கிடையாது. தாளம் அவருடைய மூச்சுக்குக் கட்டுப்பட்டு நடக்கிறது. ஒரு வரியைத் தாழ்ந்த குரலில், கிட்டத்தட்டப் பேசுவதுபோல முடிக்கிறார். அதற்குரிய கார்ட், அதாவது சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்கள், உடனே வருவதில்லை. சொல் காற்றில் நிற்கிறது. பிறகுதான் இடது கை மெதுவாக இறங்குகிறது. வலது கை இரண்டு மூன்று ஸ்வரங்களை வைத்துவிட்டு விலகி, அடுத்த வரிக்கு இடம் விடுகிறது. பாடுகிறவர் ஒருவர், வாசிக்கிறவர் வேறொருவர் என்றால் இந்தத் தாமதத்தை இருவரும் ஊகித்துத்தான் செய்ய வேண்டும். இங்கே மூச்சும் விரலும் ஒரே உடம்பில் இருக்கின்றன. குரல் சொல்லாமல் விட்டதைக் கை சொல்லிவிடுகிறது. இரண்டும் சேர்ந்தால் அரைகுறை என்று நான் சொன்னேனே, அது எவ்வளவு பெரிய அபத்தம் என்று அந்த ஒரு பாட்டிலேயே விளங்கிவிட்டது.

மற்றப் பாடல்களையும் அதே கவனத்தோடு கேட்டேன். ஜான் கிளேட்டனின் பாஸ், ஜெஃப் ஹாமில்டனின் டிரம்ஸ், அந்தோணி வில்சனின் கிட்டார். கிளேட்டனும் ஹாமில்டனும் 1993இல் வந்த க்ராலின் முதல் ஆல்பத்திலேயே அவரோடு வாசித்தவர்கள். நனைமோவில் இளம்பெண்ணாக க்ரால் வாசித்ததைக் கேட்டு, திறமை இருக்கிறது என்று முதலில் அடையாளம் கண்டவர்களில் ஹாமில்டனும் ஒருவர். அத்தனை வருடப் பழக்கம் பதிவில் கேட்கிறது. பியானோவும் கிட்டாரும் கார்ட் வாசிக்கும் வாத்தியங்கள். இரண்டும் ஒரே நேரத்தில் இறங்கினால் சத்தம் குழம்பிவிடும். கிட்டார் முன்னே வரும்போது க்ரால் கையை எடுத்துக்கொள்கிறார், தன் முறை வரும்போது ஸ்விங் குறையாமல் தனி வாசிக்கிறார். இசைக்கோர்ப்பாளர் கிளாஸ் ஓகர்மன் முறையில் அமைந்த வயலின்கள் பின்னால் நிற்கிற மெதுவான பாடல்களில்கூட, வழிநடத்துவது பியானோதான். இது ஓட்டல் வரவேற்பறை இசை இல்லை. கவனத்தோடு கேட்கிறவர்களை நம்பி வாசித்த இசை.

அன்று பாரிஸ் அரங்கில் இருந்தவர்களுக்கு அது புரிந்திருக்கிறது, கைதட்டலில் தெரிகிறது. பிரெஞ்சுப் பாடல்களின் பெரும் பெயர்களான பியாஃபும் பிரெல்லும் பாடிய மேடை ஒலிம்பியா. அந்த ரசிகர்களைச் சும்மா மயக்கிவிட முடியாது. அவர்கள் கேட்டதை, கையில் ஆல்பத்தை வைத்திருந்தும் நான் கேட்கவில்லை. என் காதுக்கு முன்னால் என் கர்வம் உட்கார்ந்திருந்தது. கேட்பவனாக இருப்பதைவிட, சாமானிய ரசனையிலிருந்து விலகி நிற்பவனாகத் தெரிய வேண்டும் என்பதே எனக்கு முக்கியமாக இருந்தது. இசையைப் பற்றி எழுதுகிறவனுக்கு இதைவிடப் பெரிய குற்றம் இல்லை என்று நினைக்கிறேன்.

அக்கா மகளைத் தொலைபேசியில் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். மன்னிப்பும் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். "அப்ப நீங்க சொன்னதை நான் அப்படியே நம்பிட்டேன் மாமா" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னாள். அவள் பியானோவை விட்டதற்கு வேறு காரணங்களும் இருக்கலாம். என் சொல் அவற்றில் ஒன்று என்பதை நான் மறுக்க மாட்டேன்.

அந்தக் கட்டுரையைப் படித்து, என் பேச்சை நம்பி இந்த ஆல்பத்தை ஒதுக்கிவைத்தவர்கள் யாராவது இருந்தால் அவர்களிடமும் மன்னிப்புக் கேட்கிறேன். நான் எழுதியதைத் தள்ளிவிடுங்கள். 'லைவ் இன் பாரிஸ்' கேளுங்கள். 'எ கேஸ் ஆஃப் யூ' பாட்டில் தொடங்கி, குரலை விட்டுவிட்டுக் கைகளை மட்டும் ஒருமுறை கேளுங்கள், பிறகு இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள். கேட்டபின் பிடிக்கவில்லை என்றால் தாராளமாகச் சொல்லுங்கள். உங்கள் வீட்டில் ஒரு குழந்தை வாசித்துக்கொண்டே பாடினால், பாட்டு முடியும்வரை வாயைத் திறக்காதீர்கள்.