பனியின் அடியில்

சமவெளியில் வாழும் நமக்குப் பனி என்றால் மார்கழி விடியலில் புல்நுனியில் நிற்கும் துளிதான்; கதிரவன் எழுந்ததும் அது மறைந்துவிடும். இமயத்தின் உயர்ந்த சரிவுகளில் பெய்யும் பனியோ குளிர்காலம் முழுவதும் தங்குகிறது. நவம்பரில் விழுந்ததன்மேல் டிசம்பர்ப் பனியும், அதன்மேல் ஜனவரிப் பனியுமாக அடுக்கடுக்காய்ப் படிகிறது. மேலே தெரிவது ஒரே வெண்மை. உள்ளே ஒவ்வோர் அடுக்கும் வேறு வேறு.

காஷ்மீரில் படைப்பணியாற்றும் என் பழைய மாணவர் ஒருவர் விடுமுறையில் என்னைக் காண வந்திருந்தார். பனிச்சரிவு எவ்வாறு நிகழ்கிறது எனக் கேட்டேன். அவர் ஒரு பலகையில் சர்க்கரையைப் பரப்பி, அதன்மேல் மாவை அழுத்திப் படியவைத்து, மெல்லச் சாய்த்தார். சற்று நேரம் ஒன்றும் நிகழவில்லை. பின்னர் மாவு விரிசல்விட்டு, ஒரே பாளமாகச் சரிந்தது. “மாவில் குறையில்லை ஐயா, அடியில் இருந்ததுதான் பிடிப்பற்றது” என்றார்.

உண்மையில் நிகழ்வதும் இதுவே. பனிப்படிவு மெல்லியதாக இருக்கும்போது கடுங்குளிர் நீடித்தால், அடிப்பனியின் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாத மணிகளாகின்றன. புதுப்பனியும் காற்று வாரிக் கொணரும் பனியும் அவற்றின்மேல் பாளமாய் இறுகுகின்றன. 30 முதல் 45 பாகை வரையிலான சரிவில் ஒருவரின் எடையே அப்பாளத்தைப் பெயர்த்துவிடப் போதும். காலடியில் ‘உம்’ என்றெழும் ஓசையும் ஓடும் விரிசலும் மலை தரும் எச்சரிக்கைகள்.

2022 அக்டோபர் 4 அன்று, உத்தராகண்டின் ‘திரௌபதி கா தண்டா’ சிகரத்தில் பயிற்சிபெற்ற மலையேற்றக் குழுவினரில் 25-க்கும் மேற்பட்டோர் பனிச்சரிவில் உயிரிழந்தனர். அதே ஆண்டு மே மாதம் எவரெஸ்ட், மகாலு என்னும் இரு சிகரங்களையும் 16 நாள்களில் தொட்ட பயிற்றுநர் சவிதா கன்ஸ்வாலும் அவர்களுள் ஒருவர். ஆற்றல் மிக்கோரையும் மலை விலக்கிவைப்பதில்லை.

புதையுண்டோரில், 10 நிமிடங்களுக்குள் மீட்கப்படுவோர் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கின்றனர். அரைமணி கடந்தால் பத்தில் மூவரே. வெளியிலிருந்து உதவி வருமுன் காலம் கடந்துவிடும். உடன்வந்தவரே காப்பாற்ற வேண்டும். ஆகவே இருப்பிடங்காட்டும் அலைக்கருவி, துழாவும் கோல், மண்வாரி ஆகிய மூன்றும் ஒவ்வொருவரிடமும் இருத்தல் வேண்டும்.

அனைத்திற்கும் முன்னது, குழிதோண்டி அடுக்குகளை ஆராய்ந்து, ஐயம் தோன்றினால் திரும்பிவிடும் துணிவு. சிகரம் அடுத்த ஆண்டும் அங்கேயே நிற்கும். வீட்டு வாயிலில் காத்திருப்போர்க்கு வேண்டியது சிகரமன்று; சென்றவர் திரும்பி வருவதே.