குடும்பத்தோடு காரில் லடாக்கா? ஸ்ரீநகர் வழியே ஏறுங்கள்!

ஸ்ரீநகரிலிருந்து லே வரை சுமார் 420 கி.மீ. சோனாமார்க் வரை பைன் மரங்களும் புல்வெளிகளும் கூடவே வரும். சுமார் 3,500 மீட்டர் உயர ஜோஜி லா கணவாயைத் தாண்டினால் பச்சை மெல்ல மறைந்து, மொட்டை மலைகள் ஆரம்பித்துவிடும். மழைமேகங்களை இமயமலை தடுத்துவிடுவதால், அந்தப் பக்கம் குளிர்ப் பாலைவனம். லாமாயுருவில் மஞ்சள் மண் மேடுகளைப் பார்த்தால் நிலாவில் இறங்கியதுபோல இருக்கும்.

மணாலி வழியிலும் அழகுக்குக் குறைவில்லை. ஆனால், அங்கே பலரும் இரவு தங்கும் சர்ச்சு 4,200 மீட்டருக்கு மேல். ஸ்ரீநகர் வழியில் தங்கும் கார்கில் சுமார் 2,700 மீட்டர்தான். உடம்பு பழக அவகாசம் கிடைக்கும்.

லேயில் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன், கடலோர ஊர்களில் கிடைப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். பெரியவர்கள் தலைவலி என்று சொல்லிவிடுவார்கள். கைக்குழந்தைக்குச் சொல்லத் தெரியாது. சாப்பிட மறுத்து, வாந்தி எடுத்து, விடாமல் அழுதால் மேலே ஏறாதீர்கள். உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். நிலைமை மோசமானால் கீழே இறங்குவதே முதல் சிகிச்சை.

லே சேர்ந்ததும் இரண்டு நாள் ஓய்வு. பாங்காங் ஏரி எங்கேயும் போய்விடாது!