அணைக்குக் கீழே

எட்டாம் தரப் பிள்ளைகளை இங்கினியாகலைக்குக் கூட்டிச்செல்ல வேண்டும் என்பது எனது பல நாள் ஆசை. நாங்கள் சம்மாந்துறைப் பக்கத்து மனிதர்கள். சேனாநாயக்க சமுத்திரத்துத் தண்ணீரில் விளைந்த சோற்றைத்தான் தின்று வளர்ந்தோம். ஆனால் அதன் அணைக்கட்டைக் கண்டவர்கள் எங்களூரில் எத்தனை பேர்? எனது வாப்பா அதைக் காணாமலேயே மௌத்தாகிவிட்டார். யுத்த காலத்தில் அந்தப் பாதையால் போகப் பயம். 2009க்குப் பிறகு பயம் போனது, வாப்பாவின் கால்களில் பலம் இருக்கவில்லை.

அணைக்கட்டைப் பார்த்துவிட்டுக் கீழே இறங்கினோம். மருத மர நிழலில் ஆறு ஓடிக்கொண்டிருந்தது. அம்பாறையிலிருந்து வந்த சிங்களக் குடும்பங்கள் குளித்துக்கொண்டும் பாறைகளிலே பாய் விரித்துச் சோறு பகிர்ந்துகொண்டும் இருந்தன. மேலே தண்ணீர் திறந்தால் ஆறு சட்டென்று ஏறிவிடும் என்பதால், பிள்ளைகளைக் கரையோரத்தில் கால் நனைக்க மட்டுமே விட்டேன்.

நிழலில் இருத்திப் பாடம் சொன்னேன். கல்லோயாத் திட்டம் 1949இல் தொடங்கியது. நாங்கள் பட்டிப்பளை ஆறு என்று சொல்லும் ஆற்றை மறித்து, மொரிசன் நட்சன் என்ற அமெரிக்கக் கம்பனி இந்த அணையைக் கட்டியது. நிறைந்தால் கொள்ளளவு ஏறத்தாழ 770,000 ஏக்கர் அடி. வெள்ளத்தைத் தடுக்கவும், வயலுக்குப் பாய்ச்சவும், மின்சாரம் எடுக்கவும் ஒரே அணை. பிள்ளைகள் கொப்பியில் குறித்துக்கொண்டார்கள்.

அப்போது ஒரு பிள்ளை கேட்டாள்:

“சேர், இஞ்ச இவ்வளவு தண்ணி ஓடுது. எங்கட வட்டைக்கு மட்டும் ஏன் வாறல்ல?”

அவளுடைய வாப்பாவும் விவசாயிதான். வாய்க்கால் நீளம், இடையில் பல ஊர்கள், மேலே உள்ளவர்கள் எடுத்த மிச்சம்தான் கடைசியில் உள்ளவனுக்கு என்றேன். வாய் அதைச் சொல்ல, மனம் வேறோர் இரவுக்குப் போய்விட்டது.

எனக்கு அப்போது பத்து வயது இருக்கும். சிறுபோகம். கதிர் தள்ளும் பருவத்தில் வயல் வெடித்துக் கிடந்தது. வட்டவிதானையார் வைத்த முறைப்படி அன்றிரவுத் தண்ணீர் பக்கத்து வயற்காரருக்கு. நடுச்சாமத்தில் வாப்பா என்னை எழுப்பி அரிக்கன் லாம்பைக் கையில் தந்தார். நான் வெளிச்சம் பிடித்தேன். அவர் மண்வெட்டியால் வரம்பை வெட்டித் தண்ணீரை எங்கள் பக்கம் திருப்பினார். சுபஹுக்கு முன் மண்ணை அப்பி மூடினார். வீட்டுக்கு வரும் வழியில் ஒரேயொரு வார்த்தைதான் சொன்னார்: “ஒருத்தரிட்டையும் செல்லாத மகன்.”

முப்பது வருடத்துக்கு மேலாக ஒருவரிடமும் சொல்லவில்லை. அந்தப் போகத்தில் நாங்கள் அறுவடை செய்தோம். பக்கத்து வயல் பதராய்ப் போனது.

ஆசிரியரான பிறகு ஒரு செய்தியை வாசித்தேன். 1981இல் சமுத்திரத்தில் நாலில் ஒரு பங்களவுதான் தண்ணீர். அவ்வேளை இடதுகரை வாய்க்காலின் மேற்பகுதிச் சிங்கள விவசாயிகள் சிலர், தங்களுக்குள் முறைவைத்து மிச்சப்படுத்திய தண்ணீரைக் கடைசியிலிருந்த தமிழ் பேசும் விவசாயிகளுக்கு விட்டிருக்கிறார்கள். 1956 ஜூனில் இனக் கலவரம் நடந்த அதே கல்லோயாப் பள்ளத்தாக்கில்! முகம் தெரியாதவனுக்கு அவர்கள் தண்ணீர் விட்டார்கள். நாங்களோ, ஒரே பள்ளியில் ஒரே சஃப்பில் தொழுதவரின் ஹக்கை எடுத்தோம்.

இந்தச் செய்தியைப் பிள்ளைகளுக்குச் சொன்னேன். லாம்பு பிடித்த கதையைச் சொல்லவில்லை. அது அவர்களுக்குச் சொல்ல வேண்டியதல்ல.

அஸருக்குப் பின் ஊர் வந்து சேர்ந்தோம். பிள்ளைகளை இறக்கிவிட்டு அந்தப் பக்கத்து வயற்காரர் வீட்டுக்கு நடந்தேன். அவர் இப்போது இல்லை. மூத்த மகன்தான் வயல் செய்கிறார். என்னைவிட மூத்தவர், காக்கா என்றுதான் கூப்பிடுவேன். திண்ணையில் இருந்து எல்லாவற்றையும் சொன்னேன். வாப்பாவுக்காக மன்னிப்புக் கேட்டேன், எனக்காகவும் கேட்டேன்.

அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு முற்றத்தைப் பார்த்தபடி சொன்னார்:

“அந்தப் போகத்திலதான் சேர் எங்கட உம்மாட சங்கிலி அடகுக்குப் போன. திரும்ப மூட்டவே கிடைக்கல்ல.”

என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. போவதற்கு எழும்பினேன். அவர் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

“பிள்ள, சேருக்குத் தேத்தண்ணி ஊத்து.” பிறகு என் பக்கம் திரும்பினார். “இரிங்க சேர். குடிச்சிட்டுப் போங்க.”

இருந்தேன்.