தேடும் பொருளும் இலக்கணமும்

தேடப்படும் பொருள் இருவகைத்து. முன்னரே கண்டறிந்து இப்பொழுது காணாமற் போனது ஒன்று. இன்னும் காணப்பெறாது, உளதோ இலதோ என்று உள்ளம் ஐயுறுவது மற்றொன்று. இவ்வேறுபாட்டை மொழிகள் எங்ஙனம் உணர்த்துகின்றன என்பதைச் சிறிது ஆராய்வாம்.

1730இல் தொன்னூல் விளக்கம் இயற்றிய வீரமாமுனிவர் பிறந்த நாட்டு மொழியாகிய இத்தாலியம் இதனை வினையின் ஈற்றிலேயே காட்டும். வரதட்சணை கேளாத இளைஞன் ஒருவனை முன்னரே அறிந்து, அவனையே தேடுங்கால், ‘கேளாத’ என்பதற்கு ‘நோன் கியேதே’ என்பர். அத்தகையான் எவனேனும் கிடைத்தல் வேண்டும் என்னும் விருப்பமாயின், அது ‘நோன் கியேதா’ எனத் திரியும். அவன் உளன் என்று யாம் உறுதி கூறுகின்றிலேம் என்பதனை ஓர் உயிரெழுத்தின் திரிபே உணர்த்திவிடுகின்றது.

தமிழில் ‘கேளாத’ என்னும் எதிர்மறைப் பெயரெச்சம் ஈரிடத்தும் ஒன்றே. அதுபற்றி நம் மொழிக்குக் குறையுண்டோ எனின், இல்லை என்க. வினை காட்டாததனை வேற்றுமையுருபு காட்டுகின்றது. ‘மாப்பிள்ளை தேடுகிறோம்’ என்றால், கேட்போர் தாம் அறிந்த பிள்ளைகளைக் கூறுவர். ‘மாப்பிள்ளையைத் தேடுகிறோம்’ என்றாலோ, மணமகன் பந்தலினின்று எங்குப் போயினான் என்று திடுக்கிடுவர்! ‘படித்த பிள்ளையாகப் பாருங்கள்’ என்னும் வழக்கில் வரும் ‘ஆக’ என்பதும், இன்னும் காணாத பிள்ளையையே குறிக்கின்றது.

எம்மூராகிய திருநாவலூரிற் பிறந்த சுந்தரர், குண்டையூரில் நெல்மலை பெற்றார். அதனைத் திருவாரூரில் பரவையார் மனைக்குச் சுமந்து செல்வாரைக் காணாமையால், திருக்கோளிலி இறைவனிடம் ஆள் வேண்டினார், ‘ஆளை’ வேண்டினாரல்லர். அன்றிரவே பூதகணங்கள் சுமந்தன என்று பெரியபுராணம் கூறும்.

எம் தமக்கையார்க்கு இவ்வாண்டு மணம் பேசுகின்றனர். ‘வரதட்சணை கேளாத மாப்பிள்ளை தேடுகிறோம்’ என்றே எந்தையார் உறவினர்க்கெல்லாம் எழுதுகின்றார். வரதட்சணைத் தடைச்சட்டம் 1961இலேயே இயற்றப்பட்டது. ஆயினும், வந்த விடைகளில் பவுன் கணக்கே முன்னிற்கின்றது. எந்தையார் வாக்கியத்தில் அம்மாப்பிள்ளை இன்னும் ‘ஐ’ உருபு பெற்றிலர்.

நாளை மணமகனாராகும் மாணவ நண்பர்காள்! இக்குறையை இலக்கண நூலார் தீர்த்தல் இயலாது, பூதகணங்களும் வாரா. அவ்வுருபினை நல்க வல்லார் நீவிரே.