பெரிய கோயிலும் ஒரு சின்ன எழுத்தும்



எங்கள் பன்னிரண்டாம் வகுப்பின் கடைசிச் சுற்றுலா பற்றி எழுதச் சொன்னார்கள் தமிழம்மா. "போனோம், பார்த்தோம், சாப்பிட்டோம், வந்தோம்னு எழுதாதே" என்று கண்டிஷன் வேறு. அப்படி எழுத என்னாலும் முடியாது. ஏன் என்று கடைசியில் தெரியும்.

அதிகாலை 4 மணிக்கு பள்ளி வாசலில் பஸ். தலைக்கு 600 ரூபாய். என் பக்கத்து பெஞ்சு நண்பன் முதலில் வரலைன்னுதான் சொன்னான். பரீட்சை முடிந்ததும் அவன் திருப்பூருக்கு பனியன் கம்பெனி வேலைக்குப் போகிறான். மாமா பேசி முடித்துவிட்டார். "கடைசியா ஒரு தடவை எல்லார்கூடயும் போய்ட்டு வாடா" என்று அவன் அம்மாதான் காசு கொடுத்து அனுப்பினார்கள்.

பஸ்ஸில் ஒரே பாட்டு, கைதட்டல். இரண்டு பேர் வாந்தி. (பெயர் சொல்ல மாட்டேன், பயப்படாதீங்க!) திருச்சி தாண்டும்போதுதான் விடிந்தது.

முதலில் தஞ்சாவூர் பெரிய கோயில். முதலாம் ராஜராஜ சோழன் கட்டி 1010-ல் முடித்தது. 1987-ல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. புத்தகத்தில் தீப்பெட்டி அளவு படமாகப் பார்த்த விமானம் நேரில் 200 அடிக்கு மேல் நிற்கிறது. அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்தது.

"இதோட நிழல் தரையில விழாதாமே சார்?" என்று ஒருத்தன் கேட்டான். ஹிஸ்டரி சார் சிரித்துக்கொண்டே, "நீ இப்ப எங்கடா நிக்கிற?" என்றார். குனிந்து பார்த்தால், வெயிலுக்குப் பயந்து நாங்கள் எல்லோரும் விமானத்தின் நிழலில்தான் நின்றுகொண்டிருந்தோம்! ஒரே சிரிப்பு. "யாரோ சொன்னாங்கன்னு பரீட்சையில எழுதாதீங்க. கண்ணால பாருங்க" என்றார் சார்.

அப்புறம் சுவர்ப் பக்கம் கூட்டிப்போய்க் கல்வெட்டுகளைக் காட்டினார். எங்களால் ஒரு வரிகூடப் படிக்க முடியவில்லை. ஆனால் சார் சொன்ன விஷயம் ஆச்சரியமாக இருந்தது. அந்தக் கல்வெட்டுகளில் ராஜா பேரு மட்டும் இல்லையாம். கோயிலைக் கட்டிய குஞ்சரமல்லன் ராஜராஜப் பெருந்தச்சன் பேர் இருக்கிறது. கோயிலில் ஆடிய 400 பெண்களின் பெயர்கள், அவர்கள் எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தார்கள், எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு என்பது வரை இருக்கிறது. ஆளுக்கு வருஷத்துக்கு 100 கலம் நெல் சம்பளம். மேளக்காரர், கணக்கர், தச்சர், தையல்காரர், சலவை செய்பவர், முடி திருத்துபவர் என்று வேலை செய்தவர்களுக்கெல்லாம் கல்லில் இடம் கொடுத்திருக்கிறார்கள்.

என் நண்பன் ரொம்ப நேரம் அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றான். "தையல்காரர் பேர்கூட இருக்குடா" என்றான். வேறு எதுவும் பேசவில்லை.

மதியம் மரத்தடியில் புளியோதரை, உருளைக்கிழங்கு வறுவல். பிறகு தாராசுரம். இரண்டாம் ராஜராஜன் காலத்துக் கோயில், 12-ஆம் நூற்றாண்டு. மண்டபமே ஒரு தேர் மாதிரி இருக்கிறது. கல்லிலேயே சக்கரம், கல்லிலேயே குதிரை. ஒரு சிற்பத்தில் யானைக்கும் காளைக்கும் சேர்த்து ஒரே தலை. இந்தப் பக்கம் மறைத்தால் யானை, அந்தப் பக்கம் மறைத்தால் காளை. போட்டி போட்டுக்கொண்டு கையால் மறைத்து மறைத்துப் பார்த்தோம்.

சாயங்காலம் கங்கைகொண்ட சோழபுரம். கங்கை வரை படை அனுப்பி வென்ற ராஜேந்திர சோழன் உண்டாக்கிய தலைநகரம். சுமார் 250 வருஷம் சோழர்களுக்குத் தலைநகரமாக இருந்ததாம். இன்று கோயிலைச் சுற்றி ஒரு சின்ன ஊர், வயல், புல்வெளி. மாளிகைமேட்டில் அரண்மனையின் செங்கல் அடித்தளம் மட்டும்தான் மிச்சம். 1836-ல் கொள்ளிடத்தில் கீழணை கட்டியபோது இந்தக் கோயில் மதில் கல்லையெல்லாம் பெயர்த்துக் கொண்டுபோனார்கள் என்று சார் சொன்னபோது எல்லோரும் "அய்யோ" என்றோம். நானும்தான் சொன்னேன்.

இனிமேல்தான் விஷயமே.

மற்றவர்கள் சிங்கமுகக் கிணற்றைப் பார்க்கப் போய்விட்டார்கள். நானும் நண்பனும் வெளிச்சுற்றில் உட்கார்ந்திருந்தோம். அவன் மெதுவாகச் சொன்னான்: "அடுத்த வருஷம் நீங்கள்லாம் காலேஜ்ல இருப்பீங்க. நம்ம கிளாஸ்ல நான்னு ஒருத்தன் இருந்ததே யாருக்கும் ஞாபகம் இருக்காதுடா."

எனக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. பாக்கெட்டில் சைக்கிள் சாவி இருந்தது. "இரு, உன் பேரை ஆயிரம் வருஷத்துக்கு நிக்க வைக்கிறேன்" என்று பக்கத்துக் கல்லில் கீற ஆரம்பித்தேன். "டேய், வேணாம்டா" என்று அவன் என் கையைப் பிடித்து இழுத்தான். அதற்குள் ஒரு எழுத்து விழுந்துவிட்டது. 'மு'. கருங்கல்லில் வெள்ளையாக.

விசில் சத்தம் கேட்டது. காவலர் வருகிறார் என்று தெரிந்ததும் நான் ஓடிப்போய்க் கூட்டத்தில் கலந்துவிட்டேன். அவன் ஓடவில்லை. அந்த எழுத்தை விரலால் தேய்த்துக்கொண்டு அங்கேயே நின்றான்.

காவலர் வயதானவர். கத்தவில்லை. "தம்பி, இது ஆயிரம் வருஷத்துக் கல்லுப்பா. உன் பேரை எழுத இதுதான் கெடச்சுதா?" என்று மட்டும் கேட்டார். சார் அவரிடம் இரண்டு கையையும் கூப்பி மன்னிப்புக் கேட்டார். எங்கள் சார் யாரையும் கும்பிட்டு நான் பார்த்ததில்லை. பிறகு எல்லோர் முன்னாலும் நண்பனைத் திட்டினார். அவன் பெயரின் முதல் எழுத்தும் 'மு' என்பதால் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. அவன் என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வாயைத் திறக்கவில்லை. ஊர் வரும் வரை பஸ்ஸில் முன் சீட்டில் தனியாக உட்கார்ந்து வந்தான். நான் கடைசி சீட்டில் தூங்குவது போல் நடித்துக்கொண்டு வந்தேன்.

கீறியது நான்தான்.

நான்கு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. ஐந்தாம் நாள் ஸ்டாஃப் ரூமுக்குப் போய் சாரிடம் சொல்லிவிட்டேன். சார் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, "என்கிட்ட சொன்னது சரி. ஆனா அவன் திட்டு வாங்குனது எல்லார் முன்னாடியுமில்ல?" என்றார். அதனால்தான் இதை எல்லோரும் படிக்கும் இந்தத் தாளில் எழுதுகிறேன். சாரும் மறுநாள் வகுப்பில் எல்லோர் எதிரிலும் அவனிடம் வருத்தம் தெரிவித்தார்.

பழைய சின்னங்களைச் சேதப்படுத்துவது 1958-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். 2010-ல் திருத்திய பிறகு 2 வருஷம் வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், இரண்டும்கூட விதிக்கலாம் என்று சார் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். ஆனால் அதைவிட எனக்கு உறைத்தது வேறு. கீழணைக்குக் கல் எடுத்தவர்களாவது வயலுக்குத் தண்ணீர் வர எடுத்தார்கள். நான் எதற்குக் கீறினேன்? பெரிய கோயிலில் பெயர் உள்ளவர்கள் யாரும் சாவியால் தானே கீறிக்கொள்ளவில்லை. அவர்கள் வேலை செய்தார்கள். மற்றவர்கள் மதித்து எழுதி வைத்தார்கள்.

நண்பனிடம் மன்னிப்புக் கேட்டேன். "கீறுனதுதான் கீறுன, கையெழுத்தாச்சும் நல்லா இருந்துச்சா?" என்று சிரித்தான். அவன் முழுப் பெயரை இங்கே எழுதட்டுமா என்று கேட்டதற்கு, வேண்டாம் என்று சொல்லிவிட்டான். அதனால் எழுதவில்லை. எங்கள் வகுப்பு முப்பத்தெட்டு பேருக்கும் அவன் யார் என்று தெரியும். யாரும் மறக்கப் போவதில்லை.

பதினோராம் வகுப்புத் தம்பி தங்கைகளே, அடுத்த வருஷம் நீங்களும் சுற்றுலா போவீர்கள். கங்கைகொண்ட சோழபுரம் போனால் அந்த 'மு'வைத் தேடாதீர்கள். பெயர் எழுத ஆசையாக இருந்தால் நம் பள்ளிச் சுவரில் இந்தத் தாள் இருக்கிறது. இதில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
12-ஆம் வகுப்பு 'ஈ' பிரிவு மாணவன்